கெட்டிச் சாயமும் கெட்டி பேட்டரியும்: கொங்கு நாட்டு வேதியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளின் வேதியியல் துறைத் தலைவர்களுக்கும், முதுநிலை மாணவர்களுக்குப் புராஜெக்ட் வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னிமலைக்காரன். அப்பா கைத்தறிப் பெட்ஷீட்டுக்கு நூல் சாயம் போட்டவர். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு முதலில் அவருடைய பட்டறையிலும், அப்புறம் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாய ஆலையின் லேபிலும் முப்பது வருஷத்துக்கு மேல் ஷேடு பார்த்தேன், அதாவது கேட்ட நிறம் வரும்படி சாயக் கணக்கைச் சரிபார்த்தேன். இப்போது வேலையை விட்டாயிற்று. பட்டறையில் ஒரு மூலையும் இரண்டு தொட்டியும் மட்டும் வைத்திருக்கிறேன். உங்களைப் போல ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஆனாலும் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்காமல் இருந்தால் மனசு ஆறாது.

போன வருஷம் என் தம்பி மகள் எம்.எஸ்சி. கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு எடுத்துக்கொண்டு போனாள். கரிமச் சேர்மங்களை எலக்ட்ரோடாக வைத்து, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி செய்வது. 'அதுக்கெல்லாம் நம்மகிட்ட வசதி இல்லம்மா, இலைச்சாற்றை வெச்சு இரும்பு துருப்பிடிக்காமத் தடுக்கறது எடுத்துக்கோ' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எந்தக் கல்லூரியில் கேட்டிருந்தாலும் அந்தப் பதில்தான் வந்திருக்கும். வீட்டுக்கு வந்தவள் முகம் வாடி என் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்தாள். அவளைத் தேற்றுவதற்காகத்தான் அந்தத் தலைப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவள் சொன்ன வேதியியல் முழுக்க நாங்கள் தினமும் கைவிட்டுக் கலக்கின தொட்டிக்குள் இருந்தது.

அந்தத் தொட்டியை உங்களுக்குக் காட்டிவிட்டு மேலே போகிறேன். இண்டிகோ என்கிற அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கலக்கினால் நீலச் சேறாக நிற்கும். அதில் காஸ்டிக் சோடா போட்டு, ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கி, ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட் என்கிற தூள்) தூவுவோம். கொஞ்ச நேரத்தில் நீலம் மறைந்து, தொட்டித் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாகத் தெளியும். மேலே மட்டும் காற்றுப் படுகிற இடத்தில் செம்பு மினுமினுப்போடு ஒரு ஆடை படரும். நூல் சிட்டத்தை முக்கி எடுத்தால் வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். கோலில் மாட்டி உதறிவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், விளிம்பிலிருந்து உள்ளே நீலம் ஏறிக்கொண்டு வரும். சின்ன வயசில் அப்பா என்னைத் தொட்டிப் பக்கம் நிறுத்தி, 'கண்ண எடுக்காம பாரு' என்பார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு அது அலுக்கவில்லை.

அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியும். ஹைட்ரோஸ் இரண்டு எலக்ட்ரானை இண்டிகோவுக்குக் கொடுக்கிறது. கரி அணுவோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிற இரண்டு ஆக்சிஜனும் அதை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் சோடியத்தை நிறுத்திக்கொள்கின்றன. கரையாத நீலம் கரைகிற மஞ்சளாகிறது. வெளியே எடுத்ததும் காற்று அந்த இரண்டு எலக்ட்ரானையும் பிடுங்கிக்கொள்ள, மறுபடி நீலம். வாட் சாயம் என்று நாங்கள் சொல்கிற எல்லாமே இப்படித்தான். 1901-ல் ஜெர்மனியில் ரெனே போன் கண்டுபிடித்த இண்டாந்திரோன் நீலமும், அதற்குப் பின்னால் வரிசையாக வந்த ஆந்த்ராகுயினோன் குடும்பமும் எலக்ட்ரான் வாங்கி எலக்ட்ரான் கொடுத்துத்தான் நூலில் ஏறின.

இப்போது ஹைட்ரோஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பியை வையுங்கள். எலக்ட்ரான் கம்பி வழியாக வரட்டும். சோடியமோ லித்தியமோ மின்பகுளி (செல்லுக்குள் அயனிகள் ஓடுகிற திரவம்) வழியாக வந்து ஆக்சிஜன் பக்கத்தில் நிற்கட்டும். அதுதான் கரிம எலக்ட்ரோடு. அவள் இதைச் சொன்னபோது, 'ஏனுங்க பெரியப்பா, நீங்க பண்றதும் ஒரு பேட்டரிதானுங்க' என்றாள். எனக்குச் சிலிர்த்துப்போயிற்று.

கணக்குப் போட்டும் காட்டினாள், ஷேடு கணக்கு மாதிரியே எளிதாக இருந்தது. ஒரு மோல் எலக்ட்ரான் என்பது 26,801 மில்லி ஆம்பியர் மணி. கரி வளையத்தில் இப்படி இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் இரண்டு நிற்கிற வகையறாவுக்குக் குயினோன் என்று பெயர். அதில் எளிய பென்சோகுயினோன் இரண்டு எலக்ட்ரான் வாங்கும், மூலக்கூறு எடை 108. வகுத்தால் கிராமுக்கு 496 மில்லி ஆம்பியர் மணி. இண்டிகோவுக்கு 204, ஆந்த்ராகுயினோனுக்கு 257. 1991-ல் சோனி கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியில் இருந்த கோபால்ட் ஆக்சைடில் நடைமுறையில் எடுக்க முடிந்தது 140 அளவுக்குத்தான். தாளில் பார்த்தால் சாய வகையறா ஜெயிக்கிறது. ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1969-லேயே கரிமச் சேர்மத்தை நேர்முனையில் வைத்து லித்தியம் செல் செய்து பார்த்திருக்கிறார்கள். 1987-ல் ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோனும் செய்கோவும் பாலி அனிலின் (அனிலினைச் சங்கிலியாகக் கோத்த பாலிமர்) வைத்த பட்டன் செல்லை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். பருத்தித் துணியில் அனிலினை ஆக்சிஜனேற்றி அனிலின் கருப்பு ஏற்றுவதற்கு 1863-லேயே இங்கிலாந்தில் லைட்ஃபுட் காப்புரிமை வாங்கினார். அந்தக் கருப்பும் பாலி அனிலினும் ஒரே குடும்பம். ஒன்றே கால் நூற்றாண்டு முன்னால் சாயமாக வந்த சரக்குதான் அப்புறம் பேட்டரிக்குள் போயிருக்கிறது. 2002-ல் என்.இ.சி. நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிலையாக நிற்கிற நைட்ராக்சைடு ரேடிகலைப் பாலிமரில் கோத்து, சட்டென்று சார்ஜ் ஏறுகிற நேர்முனை செய்து காட்டினார்கள். 2008-ல் பிரான்ஸில் தாராஸ்கோன், புவாசோ குழுவினர் மக்காச்சோளத்திலிருந்து எடுக்க முடிகிற இனோசிட்டாலை வைத்து, கிராமுக்கு 580 வரை தாங்கும் ரோடிசோனேட் உப்பைக் காட்டினார்கள். 2012-ல் மஞ்சிட்டி வேரில் இருக்கிற பர்ப்யூரினை எலக்ட்ரோடாக வைத்து வேலை நடந்தது. ஆடி மாசம் நம் வீட்டுப் பெண்கள் கையில் சிவக்கிற மருதாணியின் சாயம் லாசோன், அதுவும் ஒரு குயினோன்தான். அதை வைத்துச் சோடியம் பேட்டரிக்கு முயன்று பார்த்திருக்கிறார்கள். இதில் எந்தப் பொருள் நமக்குப் புதுசு, சொல்லுங்கள்.

கோபால்டைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தில் தோண்டுகிற கோபால்டில் பாதிக்கும் மேலே காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சின்னக் குழிகளில் குழந்தைகளும் இறங்கித் தோண்டுகிறார்கள். காங்கோ என்று யாராவது சொன்னால் என் காதில் கொங்கு என்றே விழுகிறது. வெளிநாட்டுக்காரர்களின் சட்டைக்காக ஒரு ஆற்றையே கொடுத்த ஊர்க்காரன் நான். இன்னொரு ஊர் இன்னொரு பொருளுக்காக அப்படிப் போவதைக் கேட்டால் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, தம்பி மகள் கதைக்கு வருகிறேன். அவள் விடவில்லை. கல்லூரிக்கு இலைச்சாறு புராஜெக்டைச் செய்துகொண்டே, தெரிந்தவர்கள் மூலம் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் நான்கு நாள் இடம் கேட்டு வாங்கி, ஆந்த்ராகுயினோனைக் கரித்தூளோடு அரைத்து, அலுமினியத் தகட்டில் பூசி, காயின் செல் நான்கு செய்தாள். முதல் சுற்றில் நன்றாக வந்ததாம். பத்தாவது சுற்றில் பாதியாகிவிட்டது. செல்லைப் பிரித்துப் பார்த்தால், நடுவில் வைத்த வெள்ளைத் தடுப்புத் தாள் நிறம் ஏறி நின்றிருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, 'என்னன்னே தெரியலைங்க பெரியப்பா' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பார்த்த நொடியில் தெரிந்தது. சாயம் போகிறது, கண்ணு, வேறொன்றும் இல்லை.

பேராசிரியர்களே, இந்தத் துறை முழுக்க அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகிற முதல் நோய் இதுதான். குயினோன் மின்பகுளியில் கரைந்து மறுபக்கம் போய்விடுகிறது. சுற்றுக்குச் சுற்று சரக்குக் குறைகிறது. பேட்டரிக்காரர்கள் அதைக் கரைதல் என்கிறார்கள், நாங்கள் சாயம் போவது என்கிறோம். சாயம் போகாமல் நிறுத்துவதுதான் கொங்கு நாட்டில் மூன்று தலைமுறையாகச் சோறு போட்ட வேலை. சென்னிமலைப் பெட்ஷீட்டும் பவானி ஜமக்காளமும் கரூர்த் திரைச்சீலையும் 'கெட்டிச் சாயம்' என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் கடல் தாண்டிப் போயின.

பேட்டரிக்காரர்கள் இதற்கு என்னென்ன வைத்தியம் செய்கிறார்கள் என்று அவள் கட்டுரைகளை எடுத்து வாசித்துச் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் பழைய பெயர் சொன்னேன். அந்த ராத்திரி சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தோம்.

மூலக்கூறுகளைக் கந்தகத்தால் கோத்துப் பெரிசாக்கிவிட்டால் கரையாது என்று 2009-ல் பாலி ஆந்த்ராகுயினோனைல் சல்ஃபைடு செய்திருக்கிறார்கள். எங்கள் சல்பர் கருப்பு அதே குணத்தில்தான் நிற்கிறது. கந்தகப் பாலங்களால் கோத்த பெரிய மூலக்கூறு, சோடியம் சல்ஃபைடு கொடுத்தால் பாலம் அறுந்து கரையும், காற்றுப் பட்டால் மறுபடி கோத்துக்கொள்ளும். டையசோனியம் உப்பு வழியாக ஆந்த்ராகுயினோனைக் கரியின் மேலேயே பிணைப்புப் போட்டு ஒட்டுகிறார்கள். நாப்தால் சிவப்புக்கு ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, நைட்ரைட்டும் ஆசிடும் சேர்த்து டையசோ பண்ணிய கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. (அந்த வகையில் சில சாயங்கள் உடம்புக்குக் கெடுதல் என்று 1990-களில் தடையானது சரியான முடிவு. கை மறக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.) மூலக்கூறை நேரடியாகப் பிடிமானத்தோடு பிணைப்பதற்கு எங்களிடம் ரியாக்டிவ் சாயம் இருக்கிறது. 1956-லிருந்து பருத்தியோடு பிணைப்புப் போட்டு நிற்கிறது. திருப்பூர் பனியனில் பெரும்பகுதி அதுதான்.

மின்பகுளியில் உப்பை ரொம்ப அடர்த்தியாகக் கலந்தால் குயினோன் கரைவது குறைகிறது என்கிறார்கள். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவதற்கு நாங்கள் மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறோமே, ஏறக்குறைய அதே கணக்கு. மூலக்கூறில் அமிலத் தொகுதியை வைத்து உலோக உப்பாக்கிவிட்டால் கரிமக் கரைப்பானில் போகாது என்பது இன்னொரு வழி. 2009-ல் டைலித்தியம் டெரிப்தாலேட்டை எதிர்முனையாகக் காட்டினார்கள். டெரிப்தாலிக் அமிலம் பாலியெஸ்டர் நூலின் மூலச்சரக்கு. நாங்கள் படிகாரம் போட்டு மஞ்சிட்டியைக் கெட்டியாக்குவதும் உலோகத்தைப் பிடித்துக் கட்டுகிற வேலைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வாட் சாயம் ஏறின நூலைக் கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொதிக்க விடுவோம். அழுக்குப் போவதற்கு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் நூலுக்குள் சிதறிக் கிடக்கிற சாய மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று அடுக்கிக் குட்டிப் படிகங்களாகின்றன. ஷேடும் மாறும், கெட்டியும் கூடும். பேட்டரியில் தட்டையான மூலக்கூறுகள் இறுக்கமாக அடுக்கினால் கரைவது குறையும், மின்சாரமும் கொஞ்சம் நன்றாக ஓடும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மிர்சியா டிங்கா குழு 2024-ல் வெளியிட்ட டி.ஏ.க்யூ. என்கிற கரிம நேர்முனையின் பலமே அந்த அடுக்குதான். மூலக்கூறுக்கு மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பில் பிடித்துக்கொண்டு தகடு தகடாக நிற்கிறது, அதனால் கரைவதில்லை. லம்போர்கினி கார் கம்பெனி அந்த வேலைக்குப் பணம் கொடுத்தது.

இவ்வளவும் சொன்னதால் எல்லாம் சுலபம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சாயக்காரன் பொய் ஷேடு காட்டினால் லாட் திரும்பி வந்துவிடும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரம் ஓடாது. அதனால் கரித்தூளைக் கணிசமாகக் கலக்க வேண்டியிருக்கிறது, சில சமயம் பூச்சில் பாதி அதுவே. கிராமுக்கு 257 என்று சொன்ன கணக்கு அங்கேயே அடிபடுகிறது. அடர்த்தியும் குறைவு, அதனால் இடம் அதிகம் பிடிக்கும். மின்னழுத்தம் குயினோன்களில் இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள்தான், கோபால்ட் ஆக்சைடில் நாலுக்குப் பக்கம். பென்சோகுயினோன் டப்பாவைத் திறந்தாலே ஆவியாகி மூக்கில் ஏறும். அப்புறம், செய்யும்போது குயினோனில் லித்தியம் இருக்காது. மறுபக்கம்தான் லித்தியத்தை வைத்திருக்க வேண்டும், இப்போதைய கிராஃபைட்டில் அது இல்லை. முன்கூட்டியே லித்தியம் ஏற்றி வைத்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். ஹைட்ரோஸ் போட்ட தொட்டியை மூடாமல் ராத்திரி விட்டால் காலையில் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆகவே செல்போனுக்கும் ஸ்கூட்டருக்கும் நாளைக்கே இது வரும் என்று யாரும் மாணவர்களிடம் சொல்லக் கூடாது.

ஆனால் எடையும் இடமும் பெரிய விஷயமாக இல்லாத வேலை ஒன்று நம் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்றில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்றாலைகள் நிற்க நேரமில்லாமல் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. பனியன் கம்பெனிக்காரர்களே நிறையப் பேர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். ராத்திரி காற்று அடிக்கும்போது கரண்டை வைக்க இடம் இல்லை. அங்கே தொட்டி கட்டலாம். அந்தத் தொட்டிக்குள் குயினோனைத் தண்ணீரில் கரைத்து வைத்து, பம்ப் வைத்துச் சுற்றவிட்டு மின்சாரத்தைச் சேமிக்கலாம். கரைவதுதான் நோய் என்று சொன்னேன். இங்கே நன்றாகக் கரைய வேண்டும்.

2014-ல் ஹார்வர்டில் மைக்கேல் அஸிஸ் குழு, ஆந்த்ராகுயினோன் டைசல்ஃபோனிக் அமிலத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபக்கம் புரோமினை வைத்து இப்படிப்பட்ட பாய்வு பேட்டரி செய்தார்கள். அடுத்த வருஷமே புரோமினை விட்டுவிட்டு ஃபெரோசயனைடுக்கு மாறினார்கள். குயினோனாக 2,6-டைஹைட்ராக்ஸி ஆந்த்ராகுயினோனை எடுத்து, காஸ்டிக் பொட்டாஷில் கரைத்தார்கள். படித்ததும் வாய்விட்டுச் சொன்னேன், இது எங்கள் வாட் தொட்டி, அப்படியே. காரம், ஆந்த்ராகுயினோன், ஒடுக்கம் (எலக்ட்ரான் கொடுப்பது), ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானைப் பிடுங்குவது).

அதற்கு மேலும் ஒன்று. அந்தக் குயினோன் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்தது. ஏன் என்று தேடி, 2019-ல் கண்டுபிடித்தார்கள். சார்ஜ் ஏறக்குறைய முழுசாக ஏறின நிலையில் அது ஒரு ஆக்சிஜனை இழந்து ஆந்த்ரோன் என்கிற பொருளாக மாறிவிடுகிறது, கொஞ்சம் காற்றைக் காட்டினால் நிறையப் பகுதி திரும்பி வருகிறது. இண்டாந்திரோன் நீலம் போடுகிற ஒவ்வொரு மாஸ்டருக்கும் அந்த நோய் தெரியும். ஹைட்ரோஸ் அதிகமாகி, சூடும் அறுபது டிகிரியைத் தாண்டினால் நீலம் மங்கி உயிரில்லாமல் போகும். மிஞ்சின ஒடுக்கம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் அப்பா அதைச் 'சாயம் செத்துப்போச்சு' என்பார். அது வராமல் இருக்கச் சூட்டைப் பிடித்து வைப்பார், கொஞ்சம் நைட்ரைட் சேர்ப்பார். அந்த மனிதர் எட்டாவது வரை படித்தவர். அவருக்கும் ஹார்வர்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இருபக்கமும் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

அந்த நடுவில் உட்காருகிற ஆளாக உங்களைக் கேட்கிறேன்.

வசதி இல்லை என்ற பதிலை மறுபடி யோசியுங்கள். லித்தியம் செல்லுக்குக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி வேண்டும், அது விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் செய்யும் வேலைக்கு அது வேண்டாம். ஆந்த்ராகுயினோன் சல்ஃபோனேட்டும் பாலி அனிலினும் துத்தநாகத் தகடும் பீக்கரும் போதும். மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தை அளக்கிற பொட்டென்ஷியோஸ்டாட் பல கல்லூரிகளில் இருக்கிறது. துருப்பிடிப்பதை அளக்க அதைத்தானே பயன்படுத்துகிறீர்கள். அதே கருவியில், குயினோன் எலக்ட்ரான் வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வரைபடத்தில் எழும்புகிற இரண்டு மேட்டையும் வரைந்து பார்க்கலாம். பெரிய கருவி வேண்டிய கட்டத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம். ஒரு மாணவி தனியாகத் தெரிந்தவர்களைப் பிடித்து இடம் கேட்பதற்கும், துறையே கடிதம் எழுதிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பேட்டரியே வராவிட்டாலும் இந்தப் படிப்பு வீண் போகாது. ஹைட்ரோஸுக்குப் பதிலாக மின்சாரத்தாலேயே வாட் சாயத்தை ஒடுக்குகிற வேலையை ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பெக்டோல்ட் பல வருஷமாகச் செய்தார். எலக்ட்ரானைச் சாயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தூதனாக அவர் வைத்தவற்றில் ஆந்த்ராகுயினோன்களும் உண்டு. ஹைட்ரோஸ் போட்டால் கடைசியில் அது சல்ஃபைட்டாகவும் சல்ஃபேட்டாகவும் கழிவில் சேர்கிறது. அதில்லாமல் சாயம் ஏற்ற முடிந்தால் சுத்திகரிப்புச் செலவு எவ்வளவு குறையும் என்று திருப்பூர் ஆலைக்காரர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாணவர் கற்றுக்கொள்கிற மின்வேதியியல் இரண்டுக்கும் ஒன்றே.

கரூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் லிக்னினை எடுக்கலாம். காகிதக் கூழ் செய்கையில் மிஞ்சுகிற கருந்திரவத்தில் இருப்பது அது. 2012-ல் ஸ்வீடனில் இங்கனாஸும் மில்சாரெக்கும் அதைப் பாலி பைரோலோடு சேர்த்து நேர்முனை செய்தார்கள். லிக்னினுக்குள்ளிருந்து குயினோன் தொகுதிகளை வெளியே கொண்டுவந்ததுதான் அங்கே வித்தை. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி இருக்கிறது, சோடியம் பேட்டரியின் எதிர்முனைக்கான கரி தாவரச் சரக்கிலிருந்து எடுக்கிறார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். துறைக்கு ஒன்று எடுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் போதும். அந்த அறையில் சாய மாஸ்டர்களுக்கும் நாற்காலி போடுங்கள். சான்றிதழ் கொடுக்கிற விருந்தினராகக் கூப்பிட வேண்டாம். கேள்வி கேட்கக் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை போட எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நொய்யலில் கட்டின ஒரத்துப்பாளையம் அணை எங்கள் ஊருக்குப் பக்கம். 1992-ல் கட்டி முடித்தபோது கீழே நிலம் இருந்தவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று பார்த்திருக்கிறேன். சில வருஷத்திலேயே அந்தத் தண்ணீர் சாயக் கழிவு சேர்ந்து ஆடு மாடு வாய் வைக்காத தண்ணீராயிற்று. நொய்யல் வெள்ளியங்கிரியில் எப்படிப் பிறந்து வருகிறது என்றும், எங்கள் பக்கம் வரும்போது என்ன நிறத்தில் வந்தது என்றும் இரண்டையும் பார்த்தவன் நான். அந்த நிறத்தில் என் கையும் இருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது எனக்கு வேலை போயிற்று. கோபம் வந்தது, ஆனால் தப்பான தீர்ப்பு என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். குயினோன்களும் அவற்றைச் செய்கிற கரைப்பான்களும் தண்ணீருக்கு நல்லவை இல்லை. 'கரிமம்' என்ற பெயரைப் பார்த்து இயற்கை உரம் மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைக்கவிடாதீர்கள். உங்கள் மாணவர் முதல் பீக்கரைக் கலக்குகிற அன்றைக்கே, அது எங்கே போய்க் கொட்டப்படும் என்று நோட்டில் எழுத வையுங்கள். எலக்ட்ரோடு நல்லதா என்று பார்க்கிற அதே அட்டவணையில் கழிவுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். நாங்கள் அந்தக் கட்டத்தைக் கடைசியில் சேர்த்தோம்.

தம்பி மகள் இப்போது ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. அந்த நான்கு காயின் செல்லில் ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கிறாள். நிறம் ஏறின தடுப்புத் தாள் என் ஷேடு நோட்டுக்குள் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் தேதியும் வெப்பமும் எழுதி.

உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சென்னிமலைக்கு வாருங்கள், மாணவர்களையும் கூட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி மூட்டுவேன். ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் ஹைட்ரோஸ் போடுவதற்கு முன்னால் நிற்கிற நீலத்தையும் பார்க்கலாம். மல்டிமீட்டரும் இரண்டு கரிக் கம்பியும் நீங்கள் கொண்டுவாருங்கள், மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
சென்னிமலையிலிருந்து ஒரு சாயப்பட்டறைக்காரன்